வைத்தியபீட வாயிலும் ஏனைய வாயில்களும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, குறளிலோ கம்பனிலோ ஒரு பொருளை எடுத்து நான்கு பக்கம் எழுதித் தருவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியனிடம் வேறெதை எதிர்பார்ப்பது? ஆயினும் சில ஆண்டுகளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் பொருளொன்று உண்டு. அது இலக்கியத்தைப் பற்றியதன்று. நம் கல்லூரியில் உயர்தர உயிரியற் பிரிவிற் பயின்று வெளியேறும் பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டத்தை நாடுகின்றனர், எதனை இகழ்ந்து தள்ளுகின்றனர் என்பது பற்றியது.

யான் பல்கலைக்கழகத்திற் பயின்றவனல்லன். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று, பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் சான்றிதழோடு இவ்வன்னி மண்ணிலே தமிழ் கற்பித்து வருபவன். ஆகவே, "உயிரியலுக்கும் உமக்கும் என்ன உறவு?" என்று ஆசிரியர் அறையில் நண்பர் சிலர் நகைப்பதுண்டு. உறவு உண்டு. பெறுபேறு வெளியான நாளிலே, தேறாத பிள்ளை உயிரியல் ஆசிரியரின் முகத்தில் விழிக்க நாணும். இரசாயனவியல் ஆசிரியரைக் கண்டால் மறுதெருவாற் போய்விடும். தமிழாசிரியனிடமோ வந்து அழும். அவ்வகையில் அவர்களுடைய கண்ணீர்க் கணக்கு என்னிடமே மிகுதியாக உள்ளது.

அக்கணக்கில் ஒன்றை முதலிற் சொல்லிவிடுகின்றேன். அதிற் குற்றவாளி யானே.

இரணைமடு வாய்க்காலை அண்டிய சிற்றூரொன்றிலிருந்து வந்த மாணவன் அவன். தந்தையார் நெல் விதைப்பவர். முதன்முறை உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமற் போயிற்று. இரண்டாம் முறை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலே உயிரியல் விஞ்ஞான நெறிக்கு இடம் கிடைத்தது. ஊரில் எவரும் அதனை மகிழ்ச்சிச் செய்தியாகக் கொள்ளவில்லை. "டொக்டருக்குக் கிடைக்கவில்லையாம்" என்றே பேசிக்கொண்டனர். ஓராண்டிற் பதிவு செய்துகொண்டவன் பிறிதோராண்டிலே வைத்தியபீடத்துக்குத் தெரிவாக முடியாது. உயர்தரத்தை மூன்று முறை எழுதியே பல்கலைக்கழகம் நாடலாம். ஆகவே பதிவதா, விட்டுவிட்டு மூன்றாம் முறை எழுதுவதா என்ற கேள்வியோடு தந்தையும் மகனும் ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தனர். "சேர் சொல்லுறபடி செய்வம்" என்றார் தந்தையார். யான் என்ன சொன்னேன் தெரியுமா? "கெட்டிக்காரப் பிள்ளை. இன்னொரு தரம் முயன்று பார்க்கட்டும்" என்றேன்.

உயிரியல் விஞ்ஞானம் என்பது யாது, அங்கே என்ன கற்பிக்கின்றனர், கற்றவன் என்னவாகலாம் என்பவற்றுள் ஒன்றையேனும் யான் அன்று அறிந்திலேன். அறியாதவன் அறியேன் என்று சொல்லியிருத்தல் வேண்டும். மூன்றாம் முறைப் பெறுபேறு முன்னையதிலும் தாழ்ந்தது. முந்திய ஆண்டு கிடைத்த இடம் அவ்வாண்டோடு போயிற்று. இன்று அவன் ஒரு கடையிலே கணக்கெழுதுகின்றான். நேர்மையான தொழில், அதனை யான் தாழ்த்தவில்லை. எனைக் கண்டதும் எழுந்து நின்று வணங்குகின்றானே, அவ்வணக்கந்தான் சுடுகின்றது.

அதன் பின்னரே இப்பொருளைத் தேடித் தேடிக் கற்கலானேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலை, ஒரு காலத்தில் நன்னூலைப் படித்ததுபோல் வரிவரியாகப் படித்தேன். கண்ட உண்மை வியப்பளித்தது. உயிரியற் பிரிவு வைத்தியபீடத்தின் முற்றமன்று. பல வாசல்கள் உள்ள வீடு அது. வைத்தியம், பல் வைத்தியம், மிருக வைத்தியம் என்பன எல்லாரும் அறிந்தவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே சித்த மருத்துவம் உண்டு. தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியவற்றுக்கும் பட்டங்கள் உண்டு. பேராதனையிலே விலங்கு விஞ்ஞானமும் மீன்வளமும், றுகுணையிலே மீன்பிடியும் கடல்சார் விஞ்ஞானமும், கொழும்பிலே உயிர்இரசாயனவியலும் மூலக்கூற்று உயிரியலும் கற்கலாம். இப்பெயர்களை நம் உயர்தர வகுப்பிலே ஒருநாள் வாசித்துக் காட்டினேன். முப்பது பிள்ளைகளுள் நால்வரே பாதிப் பெயர்களையேனும் முன்னர்க் கேட்டிருந்தனர்.

நம் வாசலுக்கு அண்மையில் உள்ளவற்றைச் சற்று விரித்துச் சொல்லல் வேண்டும்.

யாழ்ப்பாண வளாகம் 1974ஆம் ஆண்டு தோன்றியது. அதன் முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி, தமிழ் இலக்கிய ஆராய்ச்சியாளர் ஒருவர். விஞ்ஞானப் பிரிவு தொடக்கத்தில் வட்டுக்கோட்டையில் இயங்கிப் பின்னர்த் திருநெல்வேலிக்கு வந்தது. 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் விஞ்ஞான பீடத்திலே தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல் முதலியவற்றைச் சேர்த்துக் கற்று மூன்று ஆண்டிலே பொதுப் பட்டம் பெறலாம். நன்கு தேறியவர் தாவரவியலையோ விலங்கியலையோ தெரிந்து நான்காம் ஆண்டும் தொடர்ந்து, தாமாக ஓர் ஆராய்ச்சி செய்து, சிறப்புப் பட்டம் பெறலாம். இந்த மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் அறிவதில்லை; மாணவரும் பல்கலைக்கழகம் சென்ற பின்னரே அறிகின்றனர். மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் செல்ல விரும்புவோனுக்கு அந்த நான்காம் ஆண்டே திறவுகோல்.

வவுனியாவிலே 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம், 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் முதலாம் நாள் வவுனியாப் பல்கலைக்கழகம் எனத் தனித்து நின்றது. பம்பைமடுவிலே அதன் பிரயோக விஞ்ஞான பீடத்தைச் சேர்ந்த உயிரியல் விஞ்ஞானத் துறை, சுற்றாடல் விஞ்ஞானத்திற் பட்டம் வழங்குகின்றது. நம் கிளிநொச்சியிலோ விவசாய பீடம். 1990இல் இவ்வூரிலே தொடங்கி, போரினால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் ஓய்ந்தபின் அறிவியல்நகருக்கு மீண்டு வந்த பீடம் அது. நம்மைப் போலவே மூட்டை முடிச்சோடு போய் மூட்டை முடிச்சோடு திரும்பிய பீடம் என்று யான் வகுப்பிலே சொல்வதுண்டு. ஒரு காலத்திலே பட்டம் பெறுதற்குக் கொழும்புக்கும் பேராதனைக்கும் இரயிலேறிய மண்ணிது. இன்று துவிச்சக்கரவண்டியிற் சென்று விவசாயப் பட்டம் பெற்று மாலையில் வீடு திரும்பலாம். ஆயினும் அப்பீடத்தின் மதிலைக் கடந்து தனியார் கல்வி நிலையத்துக்கு, வைத்தியபீடக் கனவோடு மூன்றாம் முறை எழுதச் செல்லும் பிள்ளைகள் எத்தனை பேர்!

இனித் தமிழாசிரியன் தன் துறைக்கு வருகின்றான், வாசகர் பொறுத்தருள்க.

உயிரினத்தை வகைப்படுத்தும் கலை மேனாட்டார் நமக்குக் கொண்டுவந்த புதுமை என எண்ணுவோர் தொல்காப்பிய மரபியலைப் புரட்டிப் பார்த்தல் நன்று. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக வைத்துத் தொடங்கி, நத்தையினம், எறும்பினம், நண்டும் தும்பியும், விலங்கு என ஏறி, மனத்தோடு கூடிய மனிதரை ஆறாம் படியில் வைக்கின்றது அந்நூல். அதனினும் நுட்பமானது பிறிதொரு பகுப்பு. வெளிப்புறத்தே வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் ஆசிரியர் பிரித்தார். அக்கணக்கிலே நம் பனையும் தென்னையும் மரமல்ல, புல். ஆகையாலே அவற்றின் உறுப்புகளுக்கு ஓலை, மடல், ஈர்க்கு, குலை என வேறு பெயர். மற்றவற்றுக்கு இலை, தளிர், அரும்பு என வேறு பெயர். மாணவர் இதனைக் கேட்டுச் சிரிப்பர். பனையைப் புல் என்பதா என்பர். ஆனால் இன்றைய தாவரவியலாரைக் கேளுங்கள். பனையும் நெல்லும் அறுகும் ஒருவித்திலைத் தாவரம் என்னும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பர். பனையின் உரம் தண்டின் வெளிப்புறத்திலும், பாலை, முதிரை போன்றவற்றின் வைரம் நடுவிலும் அமைவதன் காரணத்தையும் கலத்தின் அமைப்பைக் கொண்டு விளக்குவர். இலக்கணகாரர் கண்ணாற் கண்டதை இவர்கள் நுணுக்குக்காட்டியாற் கண்டனர். இத்தகைய கண்ணுடைய முன்னோர் வழிவந்த நாம், தாவரவியலை வைத்தியபீடம் கிடைக்காதவனுக்கு இடும் பிச்சையாகக் கருதுவது எனக்கு நகைப்பைத் தருகின்றது. சில வேளை சினத்தையும்.

சென்ற ஆண்டு உயர்தர மாணவர் சிலரை மைதான ஓரத்திலுள்ள பாலை மரத்தடிக்கு அழைத்துச் சென்றேன். சிறுநீரகத்தியின் பகுதிகளை உறக்கத்திலும் ஒப்புவிக்கும் பிள்ளைகள் அவர்கள். "இது என்ன மரம்?" என்றேன். ஒருவன் வேம்பு என்றான்; ஒருத்தி வீரை என்றாள்; மற்றையோர் நிலத்தைப் பார்த்தனர். பாலையும் வீரையும் வன்னிக் காட்டின் இரு தூண்கள். ஆனி, ஆடியிலே பாலைப்பழத்தை வீதியோரத்திற் குவித்து விற்பதைக் கண்டவர்கள், உண்டவர்கள் இவர்கள். பழத்தை அறிந்தனர், மரத்தை அறிந்திலர். 1893 முதல் 1900 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ட்ரைமன் என்பாரின் இலங்கைத் தாவரக் கைந்நூலிலே, இலத்தீன் பெயரோடு சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. அத்தமிழ்ப் பெயர்கள் காட்டை அறிந்த நம் முப்பாட்டன்மார் வாயிலிருந்து வந்தவையன்றி வேறு யாவை? அவர்களின் கொள்ளுப் பேரர் தாவரவியல் கற்கச் சென்றால் அப்பெயர்களை ஆங்கிலேயரின் நூலிலிருந்து திரும்பக் கற்க வேண்டியவராய் உள்ளனர்.

"மரத்தின் பெயர் தெரிந்து வயிறு நிரம்புமா?" என்று ஒரு பெற்றார் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. வயிற்றைப் பற்றியும் உயிரைப் பற்றியுமே பேசுவோம்.

வன்னி என்றால் மலேரியா என்றிருந்த காலம் நம்முள் மூத்தோர் நினைவில் இன்னும் உண்டு. குளிர்காய்ச்சல் கண்டு நடுங்காத வீடு இப்பகுதியில் இருந்ததில்லை. 2012 ஒக்டோபருக்குப் பின்னர் இந்நாட்டினுள்ளேயே தொற்றிய மலேரியா நோயாளர் எவரும் இன்மையால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்தது. எல்லாரும் மகிழ்ந்தோம். அதற்கு மூன்றே மாதம் கழித்து, அதே ஆண்டு டிசெம்பரில், மன்னாரிலே ஒரு புதிய நுளம்பு காணப்பட்டது. அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்பது அதன் பெயர். இந்தியப் பெருநகரங்களிலே மலேரியாவைப் பரப்புவது. நம் நாட்டில் முன்னர் மலேரியா பரப்பிய நுளம்பு, வற்றும் ஆற்றுப் படுகையில் தேங்கும் நீரை நாடுவது. புதியதோ கிணற்றிலும் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிடுவது. ஆறின்றியும் அது வாழும். நம் முற்றத்திலேயே வாழும். பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது கண்டுபிடிக்கப்பட்டது.

இதனை இனங்கண்டவர் யார்? மருந்து எழுதும் வைத்தியர் அல்லர். வீடு வீடாகச் சென்று கிணற்றுக்குள் அகப்பை விட்டுக் குடம்பிகளை எடுத்து, நுளம்பின் சிறகிலும் காலிலும் உள்ள புள்ளிகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து எண்ணிய மலேரியா தடை இயக்கத்தின் பூச்சியியலார். டெங்கு நுளம்பு நன்னீரிலேயே பெருகும் என்ற பழைய கொள்கைக்கு மாறாக, கரையோர உவர்நீரிலும் அது பெருகுகின்றது என்பதை ஆராய்ந்து உலகுக்குக் காட்டியோருள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் முன்னிற்கின்றனர். ஒரு நோயாளியை வைத்தியர் காக்கின்றார், அவர் வாழ்க. நோயாளியாக வேண்டியிருந்த ஆயிரவரை நோயாளியாகாமற் காத்தவருக்கு நம் ஊரில் மாலையில்லை, ஏனெனில் காக்கப்பட்டோர் தாம் காக்கப்பட்டதை அறியார்.

பாதீனியம் என்னும் களையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூவோடு, பார்ப்பதற்கு அழகாகவே வீதியோரத்தில் நிற்கும். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1980களின் பிற்பகுதியில் இந்திய அமைதிப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வவுனியாவுக்கு வந்தது என்று பரவலாகக் கூறப்படுகின்றது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை சொரியும். அயற்பயிரை வளரவிடாத பொருளை மண்ணிற் கசியவிடும். தொட்டவர்க்குத் தோல் அரிப்பும், மகரந்தத்தை முகர்ந்தவர்க்குச் சுவாச நோயும் வரும். வட மாகாண சபை அதனை ஒழிக்க இயக்கமே நடத்தியது. பூக்குமுன் பிடுங்க வேண்டுமா, பூத்தபின் எரிக்க வேண்டுமா, எந்த வண்டு அதனை உண்ணும் என்பன தாவரவியலும் பூச்சியியலும் விடை சொல்ல வேண்டிய கேள்விகள். 2018இன் இறுதியிற் சோளத்தைத் தாக்கிய சேனா என்னும் படைப்புழுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்தே ஆபிரிக்காவும் இந்தியாவும் கடந்து வந்தது. வழியெங்கும் அது வருகின்றது என்று விஞ்ஞானிகள் எழுதிக்கொண்டேயிருந்தனர். இங்கே படிப்பார் குறைவு.

நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என்னும் களப்புகளில் இறாலும் நண்டும் குறைந்துவிட்டன என்று முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் முறையிடுகின்றனர். ஏன் குறைந்தன, எம்மாதம் வலை வீசாதிருத்தல் நலம் என்பவற்றைச் சொல்ல மீன்வளம் கற்றவர் வேண்டும். 2015இல் தேசிய பூங்காவான சுண்டிக்குளத்துக்குப் பூநாரைகள் வருகின்றன. அவற்றை எண்ணுவதற்கும் ஒருவர் வேண்டுமன்றோ. இவற்றினும் கொடியது, காரணம் துணியப்படாத அந்த நாட்பட்ட சிறுநீரக நோய். 1990களில் வடமத்திய மாகாணத்திலே அறியப்பட்ட அந்நோய் வவுனியா மாவட்டத்தையும் விடவில்லை. நீரின் வன்மையா, புளோரைட்டா, வயலில் தெளிக்கும் நஞ்சா, வெயிலில் நீரின்றி உழைப்பதா என்று இன்றுவரை வழக்கு நடக்கின்றது. அவ்வழக்குத் தீரும்வரை கிணற்று நீரைச் சோதிக்கக் கற்றவர்கள் இம்மண்ணிலேயே இருத்தல் வேண்டும். வவுனியாவிலே சுற்றாடல் விஞ்ஞானப் பட்டத்துக்குத் தெரிவாகிய நம் மாணவியொருத்தி, அன்று என் முன் அழுதவள், இரண்டாம் ஆண்டு விடுமுறையில் வந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குளத்து நீரின் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டினாள். பிள்ளைகள் மணியடித்தும் வகுப்பைவிட்டுப் போகவில்லை. நானும் வரிசையில் நின்று பார்த்தேன்.

மறுதரப்பாரின் கூற்றையும் மறைக்கலாகாது. நம் உயிரியல் ஆசிரியர், என் நண்பர், கட்டுரையின் முதற்படியைப் படித்துவிட்டு இரண்டு குற்றம் சொன்னார்.

ஒன்று, வன்னி வைத்தியசாலைகளுக்கு வைத்தியர் போதாமை உண்மை. பிள்ளைகள் அவ்வாசை கொள்வதைக் கெடுக்காதீர் என்பது. கெடுக்கேன். அந்த ஆசை நன்று. பௌதிகவியலையும் இரசாயனவியலையும் உயிரியலையும் ஒருங்கே வென்று வைத்தியபீடம் செல்லும் பிள்ளையைத் தோளிற் சுமந்து கல்லூரியைச் சுற்றிவர யானும் ஆயத்தம். யான் வெறுப்பது ஆசையையன்று. அவ்வாசை நிறைவேறாத பிள்ளையை உயிரோடு புதைக்கும் ஊர்ப்பேச்சை.

மற்றது வலிய குற்றச்சாட்டு. பட்டம் பெற்றும் வேலையில்லை என்பது. 2017இலே வட மாகாணத்து வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்துக் கொட்டகையில் இருந்து போராடியதை நாம் கண்டோம். விஞ்ஞானப் பட்டம் பெற்றவன் மறுநாளே கதிரையில் அமர்வான் என்று யான் சொன்னால் அது பொய். ஆனால் இதே வன்னியின் பாடசாலைகள் பலவற்றிலே உயிரியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஆசிரியர் போதாமையால், உயர்தரம் படிக்கப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்கு அறை வாடகைக்கு எடுத்துப் போவதையும் காண்கின்றோம். ஒருபுறம் வேலையற்ற பட்டதாரி, மறுபுறம் ஆசிரியரற்ற வகுப்பு. இம்முரணுக்குப் பொறுப்பு அரசினுடையது. அதனை உரத்துக் கேட்க வேண்டியவர்கள், பதவிகளில் இருக்கும் நம் பழைய மாணவர்கள். மாணவனுக்கு யான் சொல்லக்கூடியது இதுவே: மூன்று ஆண்டோடு முடிக்காதே, நான்காம் ஆண்டுக்கு முயல், ஏட்டைமட்டும் கற்காதே, ஆய்வுகூடத்திலே கையால் ஒரு தொழிலைக் கற்றுக்கொள். நீரைச் சோதிக்கத் தெரிந்தவனையும் பூச்சியை இனங்காணத் தெரிந்தவனையும் எவரும் எளிதிற் கைவிடார். ஒன்றும் தெரியாத பட்டதாரியைக் கைவிடுவர். அவனைக் காப்பாற்ற எனக்கும் வழி தெரியாது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழிலே உயர்தரம் கற்ற பிள்ளை பல்கலைக்கழகத்திலே முதல் நாளே ஆங்கில விரிவுரையின் முன் இருத்தப்படுகின்றான். கலம், இழையம், ஒளித்தொகுப்பு என்று கற்றவை யாவும் ஒரே நாளிற் பெயர் மாறுகின்றன. முதலாண்டிலே பலர் தளர்வது பாடத்தின் கடினத்தாலன்று, இதனாலேயே. மானிப்பாயிலே 1864 முதல் தமிழிலே மேனாட்டு வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன், அதற்கெனத் தமிழ்க் கலைச்சொற்களை ஆக்கி நூல்களையும் அச்சிட்டார். அவ்வழி இடையில் தூர்ந்தது என் போன்றோர்க்கு ஆறாத வருத்தம். ஆயினும் வருத்தத்தால் இன்றைய மாணவனுக்குப் பயனில்லை. தமிழாசிரியனே சொல்கின்றேன்: உயர்தர உயிரியல் மாணவர்க்கு வாரம் இரண்டு மணிநேரம் ஆங்கிலத்திலே விஞ்ஞான நூல் வாசிக்கப் பயிற்சி கொடுங்கள். தமிழ் அதனால் அழியாது. இரு மொழியிலும் சொல்லறிந்தவனே நாளை கிறீன் செய்ததைத் தொடரவல்லவன்.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. 2001 முதல் இசற் புள்ளியைக் கொண்டு மாணவர் தெரிவு நடைபெறுகின்றது. இடங்களுள் நூற்றுக்கு நாற்பது நாடளாவிய திறமைக்கும், ஐம்பத்தைந்து மாவட்டத்தின் மக்கட்டொகைக்கும், ஐந்து பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் அப்பின்தங்கிய வரிசையில் உள்ளவை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ கிடைக்காத இடம் சில வேளை குறைந்த புள்ளிக்கு நம் பிள்ளைக்குக் கிடைக்கின்றது. சிலர் இதனைச் சலுகை என்று நம்மை இகழ்வர். விளக்கில்லாமலும் கூரையில்லாமலும், ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடிக் குழாய்கூட இல்லாமலும் படித்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு இது சலுகையன்று என்பதே என் துணிபு. ஆனால் அவ்வாறு கிடைத்த இடத்தையும் "டொக்டருக்கு இல்லையே" என்று வெறுமையாக விட்டுவிடுவோமாயின், இகழ்வோர்க்கு நாம் என்ன விடை சொல்வோம்?

பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். விழா நிதியிலே கல்லூரி முகப்புக்கு அலங்கார வளைவு கட்டுவதென்று பேச்சு நடக்கின்றது. கனடாவிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் உழைத்து அனுப்பும் அன்பர்களின் பணம் அது. அவர்கள் அனுப்பும் மனத்துக்குத் தலைவணங்குகின்றேன். ஆனால் உயிரியல் ஆய்வுகூடத்திலே பதினைந்து பேருக்கு ஒரு நுணுக்குக்காட்டி என்ற கணக்கு இன்றும் மாறவில்லை. போருக்கு முன்னர் இருந்ததாக மூத்தோர் சொல்லும் மாதிரிப் புட்டிகளும் உலர்த்திய தாவரத் தொகுதியும் போனவை போனவையே. வளைவை இரண்டாண்டு பின்போடுங்கள். அப்பணத்திலே நுணுக்குக்காட்டிகள் வாங்குங்கள். பெறுபேறு வெளியாகி விண்ணப்பப் படிவம் நிரப்பும் அந்த ஒரு மாதத்திலே, வெவ்வேறு பட்டங்கள் பெற்ற பழைய மாணவர் நால்வரை, ஒரு தாவரவியலார், ஒரு தாதி, ஒரு விவசாயப் பட்டதாரி, ஒரு வைத்தியர் என்று, கல்லூரி மண்டபத்திலே பிள்ளைகளோடும் பெற்றோரோடும் உட்காரச் செய்யுங்கள். திண்ணைக்கு வந்து கேட்கும் தந்தைக்கு, அறியாத தமிழாசிரியன் விடை சொல்லும் நிலை இனி வேண்டா.

நிதிக்குழு அடுத்த மாதம் கூடுவதாக அறிகின்றேன். உறுப்பினர்கள் வரும்போது மைதான ஓரத்துப் பாலை மரத்தையும் பார்த்துச் செல்க. சென்ற கிழமை உயர்தர மாணவர் சிலர், நான் சொல்லாமலே, ஒரு பலகைத் துண்டில் அதன் தமிழ்ப் பெயரையும் இலத்தீன் பெயரையும் எழுதிக் கட்டியிருக்கின்றனர். இலத்தீன் எழுத்தில் ஒரு பிழை இருந்தது. உயிரியல் ஆசிரியர் திருத்திவிட்டார்.